படத்தில் இல்லாத ஏழுமலை

கடைப் பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வரிசை இறைச்சிக்கடை அன்வர் பாய் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். "பத்மாக்கா, ஷட்டரத் தூக்காதீங்க. மைக் அண்ணா போயிட்டாரு," என்றார். வழக்கம்போல டீ வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து மைக் செட் கடைக் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. உள்ளே ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்கு நடுவே, கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி ஏழுமலை அண்ணன் தூக்கத்திலேயே போயிருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். முகத்தில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. கடைசி சில மாதங்களில் அந்த முகத்தைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், அதுவே எனக்குப் புதிதாக இருந்தது.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. எப்படிப் பரவியது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு செய்தித் தளத்தில் அண்ணனின் புகைப்படத்தைப் போட்டு, "தயாளன் படத்தில் வரும் காமெடி மைக் செட்காரரின் நிஜ மனிதர் காலமானார்" என்று எழுதியிருந்தார்கள். கூடவே, படத்தில் அந்த மைக் செட்காரருக்கு ஷாக் அடித்து அவர் குதிக்கிற காட்சி. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். நம் தமிழ்ச் சங்கத்து மாத இதழில் அரைப்பக்கம் தருவதாக ஆசிரியர் சொன்னார். அரைப்பக்கத்தில் அடங்கும் மனிதரும் இல்லை, அடங்கும் கோபமும் என்னிடம் இல்லை என்றேன். நீளம் என்றால் அவர் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும். ஒரே ஒரு வாக்கியத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. காலமான ஏழுமலை அவர்கள், முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் தயாளன் அவர்களின் வாழ்க்கைத் துணை. முப்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். இதை ஊரறிய ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அண்ணனுக்கு இருந்த ஒரே ஆசை.

தயாளன் சாரை இப்போது எல்லோருக்கும் தெரியும். படம் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். எங்கள் சிவாஜிநகர் சந்துக்காரர்களுக்குப் படம் வேண்டியிருக்கவில்லை. கன்டோன்மென்ட் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வக்கீல். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் என்று எதில் வேண்டுமானாலும் சண்டை போடுவார். ஆணை விரும்புகிற ஆண் என்று தன்னைப் பற்றி மேடையேறிச் சொல்லிவிட்டு, அதே மேடையில் ஓட்டும் கேட்டவர். அது சட்டப்படி குற்றமாக இருந்த காலம். தீர்ப்பெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. முதல் தேர்தலில் தோற்றார். அடுத்த தேர்தலில் இந்தச் சந்துதான் அவரை ஜெயிக்க வைத்தது.

ஏழுமலை அண்ணன் ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். என் அச்சகத்துக்கும் அவர் மைக் செட் கடைக்கும் நடுவே ஒரே சுவர். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, மாதா தேர், நிக்காஹ், கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் அழைப்பிதழ் என்னிடம், குழாய் ஸ்பீக்கர் அவரிடம். அதிகம் பேசமாட்டார். ஊருக்கே சத்தம் கொடுக்கிறவர், தனக்கென்று சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எனக்கு வாய் அதிகம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அவர்கள் இருவரும் சந்தித்தது ஒரு குடிதண்ணீர்ப் போராட்டத்தில். சார் பேச ஏறினார், அண்ணன் மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேசிக்கொண்டே இருந்த சார் திரும்பிப் பார்த்து, "என்னப்பா, என் குரல் எனக்கே கேக்கலியே," என்றார். "கத்தாம பேசுங்க சார், கேக்கும்," என்றார் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சார் பேசும் கூட்டங்களில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. சாருக்குக் கோபம் தலைக்கேறி யாரையாவது ஏகவசனத்தில் திட்டத் தொடங்கினால் மைக் மெதுவாக இறங்கும். சார் திரும்பி முறைப்பார். அண்ணன் வேறெங்கோ பார்ப்பார். சார் தொண்டையைச் செருமிவிட்டு மரியாதையாகப் பேசத் தொடங்கினால் சத்தம் பழையபடி ஏறும். புருஷன் பெண்டாட்டி சண்டையை ஊர் நடுவில், ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

அந்த மேடைப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தேர்தல். சாரைப் பற்றி அசிங்கமாக எழுதி யாரோ வீடு வீடாகப் போட்டிருந்தார்கள். (என் அச்சகத்தில் அடிக்கக் கேட்டுத்தான் முதலில் வந்தார்கள். செருப்பைக் கழற்றப் போனேன், ஓடிவிட்டார்கள்.) அன்று மாலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கூட்டம். சார் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். "இதுல எழுதியிருக்கறது நெசந்தான். நான் அப்பிடித்தான். எனக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும். உங்க தெருக் குழாய்ல தண்ணி வராததுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டார். ஒரு கல் வந்து குழாய் ஸ்பீக்கரில் விழுந்தது. அண்ணன் எழுந்து நின்றுகொண்டார், ஆனால் சத்தத்தைக் குறைக்கவில்லை. அடுத்து சார் சொன்னார்: "எனக்குன்னு ஒருத்தர் இருக்காரு. பேரு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க அவரு மேல கல்லு வுடுவீங்க. ஒருநாள் சொல்லுவேன்."

பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதே அண்ணன்தான். அவருக்கு ஒரு தங்கை, கஸ்தூரி. அப்பா இல்லாத வீட்டில் அவளை வளர்த்துக் கட்டிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு இவருடையது. கஸ்தூரியை அத்திபெலேயில் கட்டிக்கொடுத்தார். அப்புறம் அவளுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அந்தப் பெண்களுக்கு வரன் பார்க்க வேண்டும், தாய்மாமன் இப்படி என்று தெரிந்தால் எவன் வருவான்? அதனால் சார் தன் பெயரை மட்டும் ஊருக்குக் கொடுத்தார், அண்ணன் பெயரை மறைத்தார். சாரின் மாடி வீட்டில் அண்ணன் குடித்தனக்காரர் என்று பேச்சு. சந்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம். அதை நாங்கள் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாடி வீட்டில் நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அண்ணன் சமையல். சாருக்கு மூச்சு இழுப்பு உண்டு என்பதால் எண்ணெய்ப் பலகாரத்தில் கை வைக்கவிடமாட்டார். வீட்டுக்குள்ளும் "சார்"தான், "வாங்க போங்க"தான். சாரோ அவரை "ஏழு" என்பார். "ஏழு, இந்த ரசத்துல புளி இருக்கா, இல்ல புளியப் பாத்துட்டுப் போச்சா?" என்று கிண்டல் செய்வார். "வேணும்னா குடிங்க சார், வேணாம்னா வைங்க," என்பார் அண்ணன். குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்பார் சார். ஞாயிற்றுக்கிழமை சார் மாதா கோயிலுக்குப் போனால் அண்ணன் வெளியே கேட் பக்கத்தில் நின்று காத்திருப்பார். உள்ளே வாப்பா என்று சார் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "என் குழாய் உள்ள இருக்குது, அது போதும் சார்," என்பார்.

ஒருமுறை ஒரு பூங்காவில் சில பையன்களைப் பிடித்துப் போய் ஒரு காவல் நிலையத்தில் அடித்துவிட்டார்கள். ஆணும் ஆணும் பேசிக்கொண்டிருந்ததுதான் குற்றம். சார் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் வாசலிலேயே கத்தத் தொடங்கினார். அண்ணன் கத்தவில்லை. ஒரு பெரிய டிபன் கேரியரில் இட்லி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். வெளியே வந்த பையன்களை உட்காரவைத்து, "மொதல்ல துன்னுங்க. அழுவறது அப்புறம்," என்று பரிமாறினார். காதில் ரத்தம் வழிந்த ஒருவனுக்கு அவரே ஊட்டிவிட்டதை நான் பார்த்தேன். அந்தப் பையன்களில் சிலர் பிறகு சாரின் தேர்தல் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் சாரை "சார்" என்றார்கள், அண்ணனை "அம்மா" என்றார்கள். அண்ணனுக்கு வெட்கமாகிவிடும், சத்தம் போடாமல் சிரித்துக்கொள்வார்.

சார் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஐசியூ வாசலில் காவலாளி கன்னடத்தில் கேட்டார்: "நீவு யாரு? ஃபேமிலியா?" அண்ணன், "நான் சாரோட மைக் செட்டு," என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளே விடவில்லை. சாரின் கூடப்பிறந்தவர் மகன் ஒருவன் வந்தான். அதற்கு முன் அந்தச் சந்தில் அவனை யாரும் பார்த்ததில்லை. அவனை உடனே விட்டார்கள். வெளியே வந்து, "முடிஞ்சிது," என்று எங்களிடம் சொன்னது அவன்தான்.

என் கணவர் போனபோது நான்கைந்து பெண்கள் வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவினார்கள், அழுதார்கள். என் துக்கம் என்னுடையது என்று ஊர் ஒப்புக்கொண்டது. தயாளன் சார் போனபோது அண்ணனுக்கு அதெல்லாம் இல்லை. மறுநாள் இரங்கல் கூட்டம், மைக் செட் வேண்டும் என்று ஆள் வந்துவிட்டது. போய்க் கட்டினார். மாடி வீட்டைச் சாரின் உறவினர்கள் பூட்டிவிட்டார்கள். அண்ணன் ஒரு பெட்டியோடு கடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்தார். "குடித்தனக்காரன்தானம்மா நான், காலி பண்ணச் சொன்னா பண்ணணும்," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூட்டை உடைத்திருப்பேன். அவர் விடவில்லை.

சில வருடங்கள் கழித்துப் படக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் இளம் வயது, தாடி, பணிவு. சாரைப் பற்றிப் படம் எடுக்கப்போவதாகவும் எல்லா மொழிகளிலும் வரப்போவதாகவும் சொன்னார். அண்ணன் அத்தனை நாளும் யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொன்னார். வாரக்கணக்கில் சொன்னார். குடிதண்ணீர்ப் போராட்டம், ரசம், காவல் நிலைய இட்லி, ஆஸ்பத்திரி வாசல். வந்தவர்களுக்கெல்லாம் சமைத்தும் போட்டார். பழைய குழாய் ஒன்றையும், சாரின் கட்டம்போட்ட சட்டை ஒன்றையும் கேட்டார்கள், கொடுத்தார். சட்டை திரும்பி வரவேயில்லை.

எல்லாம் சொல்லி முடித்த அன்று அண்ணன் ஒன்று கேட்டார். நானும் அங்கே இருந்தேன். "தம்பி, தங்கச்சி பொண்ணுங்க கல்யாணம் எல்லாம் ஆயிடுச்சி. தங்கச்சி பேரன் பேத்தியும் எடுத்துட்டா. இனிமே யாருக்கும் ஒண்ணும் கெட்டுப்போவாது. படத்துல என் பேரு ஏழுமலைன்னே வைங்க. சாரு ஒருநாள் சொல்றேன்னாரு. அவரால முடியல. நீங்க சொல்லிடுங்க." டைரக்டர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "அங்கிள், இந்தப் படமே உங்க கதைதான்," என்றார். கண்ணில் தண்ணீர் வேறு. அப்புறம் அண்ணன் நடையே மாறிப்போனது. சலூனுக்குப் போய் முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்தார். "யாரும்மா என் வேஷத்துல நடிப்பாங்க? நெறம் கம்மியா இருக்கற ஆளாப் பாத்து போடுவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

படம் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடும் அன்வர் பாயோடும் வந்து உட்கார்ந்தார்.

படத்தில் ஒரு பெண் இருந்தாள். பெயர் நந்தினி, சமூக சேவகி. குடிதண்ணீர்ப் போராட்டத்தில் முன் வரிசையிலிருந்து கண்ணால் ஜாடை காட்டித் தயாளனின் கோபத்தை அடக்குகிறவள் அவள். ரசம் வைக்கிறவள் அவள். காவல் நிலையத்துக்கு இட்லி எடுத்துக்கொண்டு போய், "மொதல்ல சாப்பிடுங்க, அழறது அப்புறம்," என்கிறவள் அவள். ஐசியூவில் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். தயாளன் ஆண்களை விரும்புகிறவர் என்று தெரிந்தும் அவரை ஒருதலையாகக் காதலித்து, கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிடுகிறாள். தியேட்டரில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கதாநாயகன் மேடையில் நின்று வீரமாகப் பேசுகிறான், மழையில் நனைகிறான், ஜன்னல் வழியே வெறித்துப் பார்க்கிறான். ஆணை விரும்பிய ஒருவரைப் பற்றி இரண்டரை மணி நேரம் படம் எடுத்திருக்கிறார்கள், அவர் விரும்பிய ஆணைத் தவிர மற்ற எல்லோரும் அதில் இருந்தார்கள். மைக் செட்காரன் ஒருவன் வந்தான். வயரைத் தொட்டு ஷாக் அடித்துக் குதித்தான். தியேட்டரே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. வெளியே வந்ததும், "அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிருக்குது. ரசத்துக்குத்தான் பூண்டு தட்டிப் போடல," என்றார். அன்வர் பாய் எதுவும் புரியாதவர்போலச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான் டைரக்டருக்குப் போன் போட்டேன். "மேடம், கொஞ்சம் பிராக்டிகலா யோசிங்க. ஃபேமிலி ஆடியன்ஸ் வரணும் இல்லையா?" என்றார். "அவரு ஃபேமிலி இல்லையா?" என்றேன். "நான் அப்படிச் சொல்லல மேடம். மனசளவுல நந்தினிதான் ஏழுமலை அங்கிள். அவருக்கு நாங்க பண்ணின ட்ரிப்யூட் அது. நன்றி கார்டுல அவர் பேரு வருது, பாத்தீங்களா?" என்றார். வந்ததாம். கடைசியில், எல்லோரும் எழுந்து வாசலுக்குப் போகிற நேரத்தில், ஒலிபெருக்கி உதவி என்ற தலைப்பில் வந்ததாம். என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க எமோஷன் புரியுது மேடம்," என்று வைத்துவிட்டார்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. படத்தின் வெற்றி விழாவை எங்கள் பக்கத்து மைதானத்திலேயே வைத்தார்கள், தயாளன் நடமாடிய மண்ணில் விழா என்று. மைக் செட் யார்? ஏழுமலை அண்ணன்தான். நான் போக வேண்டாம் என்றேன். "நான் போவலன்னா வேற எவனாவது கட்டுவான். கொய்யுன்னு கத்தும்," என்றார். கதாநாயகன் பேசினான்: "தயாளன் சார் தனியா வாழ்ந்தாரு, தனியாவே போனாரு. அவருக்குன்னு யாருமே இல்ல. மக்கள்தான் அவர் குடும்பம்." கைதட்டல். அண்ணன் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பேச்சு மைதானத்தின் கடைசி மூலைவரைக்கும் ஒரு இரைச்சல் இல்லாமல், துல்லியமாகக் கேட்டது. அவ்வளவு சுத்தமாக அவர் மைக் கட்டி நான் கேட்டதில்லை.

பெட்டிகளை ஏற்றும்போது சண்டை போட்டேன். "ஒயரப் புடுங்கி விட்டிருக்க வேணாமா ண்ணா? ஒரு நிமிஷம் ஆவுமா அதுக்கு?" என்றேன். "பேசறவன் பொய் சொல்றான்னு மைக்க நிறுத்த ஆரம்பிச்சா, இந்த ஊருல ஒரு கூட்டத்துக்கும் நான் போவ முடியாதும்மா," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, வயரைச் சுற்றிக்கொண்டே, "யாருமே இல்லன்னு சொன்னான் பாரு. அத மட்டும் சொல்லாம வுட்டிருக்கலாம்," என்றார். அவர் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெளிக்கூட்டங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். சாப்பாடும் குறைந்தது. நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். வயது என்றார் டாக்டர். 

இனி, அவர் போன அன்று நடந்தது.

அத்திபெலேயிலிருந்து கஸ்தூரி வந்தாள். பெண்கள், மாப்பிள்ளைகள், ஹெப்பகோடியில் கம்பெனி வேலையிலிருக்கும் ஒரு மாப்பிள்ளையின் மொத்தக் குடும்பம், எல்லோரும் வந்தார்கள். கஸ்தூரி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது நடிப்பில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். கடை வாசலில் பெஞ்சு போட்டு அண்ணனைக் கிடத்தியிருந்தோம். குளிப்பாட்டி முடித்ததும் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கஸ்தூரிக்கு மச்சான் முறை, எழுந்து நின்று கேட்டார்: "கல்யாணம் ஆவாத கட்ட. எருக்கஞ்செடி வேணுமே. இங்க எங்க கெடைக்கும்?"

அவர்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணம் ஆகாமல் ஒருவர் இறந்துவிட்டால் அப்படியே எடுக்கக் கூடாதாம். எருக்கஞ்செடிக்கு அவர் கையால் தாலி கட்டுவதாகச் சடங்கு செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம். ஆசை தீராமல் ஆவி அலையக் கூடாது என்பதற்கு. எதற்கு என்று கேட்காமலே அன்வர் பாய் ஸ்கூட்டரை எடுத்தார். ரயில் தண்டவாளம் பக்கத்திலிருந்து வேரோடு ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இந்தச் சந்தில் சாவு விழுந்தால் கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது அவர் வழக்கம்.

எனக்குத் தாங்கவில்லை. "பெரியவரே, அவரு கல்யாணம் ஆகாதவரு இல்ல," என்றேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வார்த்தையை நான் சொல்வதற்குள் கஸ்தூரி என் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"அக்கா, எனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் சோத்தத் துன்னு வளந்தவ நான். எல்லாம் தெரியும்," என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "ஆனா வெளியில என் பொண்ணுங்களோட மாமியா வூட்டு ஆளுங்க நிக்கிறாங்க. அவங்க அத்தினி பேரும் அந்தப் படத்தப் பாத்துட்டாங்க. அதுல எங்க அண்ணன் சும்மா மைக் செட்டு. கோடி கோடியாப் போட்டுப் படம் புடிச்சவங்களே சொல்லல, நீங்க ஏங்க்கா சொல்றீங்க? அந்த டைரக்டர் மவராசன் நல்லா இருக்கணும். எங்க மானத்தக் காப்பாத்துனாரு."

வாழ்நாளெல்லாம் அவளுக்காக அண்ணன் வாயை மூடிக்கொண்டிருந்தார். இப்போது அவளுக்காக நான் மூடிக்கொண்டேன். வேறு என்ன செய்ய, சாவு வீட்டில்?

வெளியே சடங்கு நடந்தது. செடிக்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், பூச் சுற்றினார்கள். மஞ்சள் கயிற்றை அண்ணனின் விரல்களில் தொட வைத்து, பெரியவர் அதைச் செடியில் முடிந்தார். யாரோ அரிசியைத் தூவினார்கள். தயாளன் சாரோடு ஒரு ஆயுளே வாழ்ந்த மனிதருக்கு, எங்கள் கண்ணெதிரில், ஒரு செடியோடு கல்யாணம் ஆனது. கட்டிய கையோடு கயிற்றை அறுத்தார்கள். பூவைப் பிய்த்துப் போட்டார்கள், குங்குமத்தைத் துடைத்தார்கள். பெண்கள் சிலர் அந்தச் செடியைச் சுற்றி உட்கார்ந்து, தாலி அறுத்தவளுக்கு அழுவதைப்போல மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தண்டவாளத்தோரத்தில் முளைத்த செடிக்கு, அன்று காலைவரை அவரைப் பார்த்தே இராத செடிக்கு, துக்கம் கொண்டாட உரிமை கிடைத்தது. சார் போன அன்று அண்ணனுக்கு இது கிடைக்கவில்லை. நான் என் கடைப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள். ஆண்கள் மட்டும் மின்மயானத்துக்குப் போனார்கள். பூங்காவில் அடிவாங்கிய அந்தப் பழைய பையன்களில் மூன்று நான்கு பேர், இப்போது தலை நரைத்தவர்கள், வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். அவர்கள் யார் என்று உறவுக்காரர்கள் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

வாசலைக் கழுவிவிடத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். பெஞ்சுக்குக் கீழே அந்தச் செடி கிடந்தது. ஒடிந்த இடத்தில் பால் வடிந்து தரையில் கோடாக ஓடியிருந்தது. வண்டியில் இடம் இல்லாமல் நின்றுவிட்ட அன்வர் பாய் அதைக் காலால் தள்ளாமல், குனிந்து கையில் எடுத்தார். "இத இன்னா பண்றது பத்மாக்கா? எதுக்கு இது?" என்று கேட்டார்.

"மரியாதையா புடிங்க பாய். இதுதான் இப்ப நம்ம அண்ணி," என்றேன்.

அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கிண்டல் செய்கிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. பிறகு, மிகச் சாதாரணமாக, கறிக்கடையில் நின்று விலை சொல்வதுபோல உரக்கவே சொன்னார்: "இன்னா அக்கா நீங்க. மைக் அண்ணாக்கு நம்ம தயாளன் சார்தானே?"

எங்கள் சந்தில் அதை வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், பூக்காரம்மா பார்த்தாள், யாரும் கல் எறியவில்லை. ஒருவரும் ஆச்சரியப்படக்கூட இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது அது. அதற்குள் வண்டி பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

கேட்பதற்கு நீங்கள் இல்லை, அண்ணா. போய் வாருங்கள்.